வைஸ் ஆடுகிறதா? நட்டை முறுக்கும் முன் விரலை வைத்துப் பாருங்கள்

ஒரே வாரத்தில் மூன்று ஹேக்ஸா பிளேடு உடைந்தது. மூன்றும் ஒரே மாதிரிதான். வைஸில், அதாவது மேசையில் பூட்டிய இரும்புப் பிடியில், கவ்விய கம்பி பாதி அறுபட்டிருக்கும்போது பிளேடு சிக்கி, படக்கென்று முறிந்தது. பிளேடுதான் மட்டம் என்று நினைத்து வேறு கம்பெனி பிளேடு வாங்கினேன், அதுவும் முறிந்தது. கடைசியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பிளேடைக் கையில்கூட எடுக்கவில்லை. வைஸின் அடியும் மேசைப் பலகையும் சேரும் கோட்டில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, "இப்ப அறுங்க தம்பி" என்றார். நாலு இழுப்பு இழுத்தேன். விரலைப் பலகையும் இரும்புச் சட்டமும் சேரும் இடத்துக்கு மாற்றினார். மறுபடி நாலு இழுப்பு. "வைஸ் நல்லாத்தான் உக்காந்திருக்கு. பலகைதான் சட்டத்து மேல நீச்சலடிக்குது" என்றார்.

நான் அதுவரை வாரம் ஒருமுறை வைஸ் போல்ட்டுகளைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டம் இருந்த இடம் வேறு.

கோவையில் என் வீட்டுக் கார் ஷெட்டில் இருப்பது 6 அங்குல வைஸ், அதாவது கம்பியைக் கவ்வும் தாடையின் அகலம் 6 அங்குலம். உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. எடை 20 கிலோவுக்கு மேல். இந்த எடையில் ஒரு வைஸை வீட்டு மேசையில் பூட்டும்போது என்னென்ன கோளாறு வருமோ அத்தனையும் எனக்கு வந்தது. அவற்றை அறிகுறி அறிகுறியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் விரல் சோதனையை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

முதலில் விரல் சோதனை

தாடையில் நீங்கள் கொடுக்கும் பலம் ஒவ்வொரு இணைப்பாகக் கீழே இறங்கித் தரைக்குப் போகிறது. தாடையிலிருந்து வைஸ் அடிக்கு, அடியிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு. இதில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தாலும் மேலே நிற்கும் உங்களுக்கு "வைஸ் ஆடுது" என்றுதான் தோன்றும்.

அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாடையில் ஒன்றரை அடிக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, முன்னும் பின்னும், அப்புறம் இடமும் வலமும் மெதுவாக அசைக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நுனியைப் பாதி மேல் பாகத்திலும் பாதி கீழ்ப் பாகத்திலும் படும்படி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரல் நுனிக்குத் தெரியும். இரண்டு பாகமும் சேர்ந்து அசைந்தால் அந்த இணைப்பில் தப்பில்லை, கீழே இறங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று நழுவுவது விரலில் உரசினால் அங்கே நில்லுங்கள், கோளாறு அதுதான். ஐந்து நிமிட வேலை. ஸ்பேனரை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

வைஸின் அடி பலகையை விட்டு எழும்புகிறது

கம்பி வளைக்கும்போது பின்பக்கம் லேசாகத் தூக்கி, விட்டதும் உட்காரும். அடியில் வைத்த விரல் நசுங்குவது போல இருக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் வைஸை மர ஸ்குரூவிலோ கோச் ஸ்குரூவிலோ (ஸ்பேனரால் முறுக்கும் தடித்த மர ஸ்குரூ) பூட்டியிருப்பது.

எவ்வளவு பலம் வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் ஸ்குரூ ஏன் போதாது என்று புரிந்துவிடும். தாடைக்கு மேல் 60 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் 25 கிலோ பலத்தில் இழுக்கிறீர்கள். தாடையின் உச்சி பலகையிலிருந்து 15 செ.மீ. உயரம் என்றால் மொத்தம் 75 செ.மீ. நெம்புகோல். வைஸ் தன் அடியின் முன் விளிம்பை ஊன்றிக்கொண்டு சாயப் பார்க்கும். அந்த விளிம்பிலிருந்து பின்பக்கப் போல்ட்டுகள் 15 செ.மீ. தூரத்தில் இருந்தால் அவை தாங்க வேண்டியது ஐந்து மடங்கு, அதாவது 125 கிலோ. வைஸின் எடை அதில் கொஞ்சம் கழியும். ஆனால் யாரும் கம்பியைப் பதமாக இழுப்பதில்லை, வெடுக்கென்று இழுப்போம். அப்போது இன்னும் கூடும். ஒரு தடவை, இரண்டு தடவை தாங்கும் ஸ்குரூ, ஒவ்வொரு இழுப்பிலும் மர நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு நாள் மூன்று ஸ்குரூ மரத்தூளோடு மேலே வந்தன. 16 மி.மீ. கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன். வைஸ் என் பக்கம் சாய்ந்தது, மேசை விளிம்பு தடுத்ததால் கால் தப்பியது.

இதற்கு ஒரே வழி பலகையை ஊடுருவிப் போகும் போல்ட். 4, 5 அங்குல வைஸுக்கு எம் 10 (10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்), 6 அங்குலத்துக்கு எம் 12, 8 அங்குலத்துக்கு எம் 16 என்று வைத்துக்கொள்ளலாம். வைஸ் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காதில் இருக்கும் துளை எந்தப் போல்ட்டை ஏற்குமோ அதில் பெரியதைப் போடுங்கள். எம் 12 போல்ட்டுக்கு மரத்தில் 13 மி.மீ. துளை போதும். வீட்டு டிரில்லில் 10 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) இருந்தால் 13 மி.மீ. இரும்பு பிட் உள்ளே போகாது. மரத்துக்கான பட்டை பிட்டின் தண்டு சின்னதாக இருக்கும், அது போகும். வைஸை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, காதுத் துளை வழியாகப் பென்சிலால் வட்டம் போட்டு, வைஸை எடுத்துவிட்டு, முதலில் 6 மி.மீ. வழித்துளை, பிறகு பெரிய துளை. டிரில்லின் பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இறக்கினால் துளை சாயாது.

துளை போடும் முன் பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள். சட்டத்தின் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) சரியாகத் துளைக்கு நேர் கீழே ஓடும். போல்ட் இறங்கும், நட் மாட்ட இடமிருக்காது. நான் இதைக் கவனித்தது இரண்டு துளை போட்ட பிறகு.

அடிப்பக்கம் சாதா வாஷர் போடுவது அடுத்த தவறு. வாஷர் மரத்துக்குள் புதைந்துபோகும். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில், இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி நீளமாக வெட்டித் துளை போட்டு அடியில் கொடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத் தருவார்கள். இந்த இரண்டு பட்டைக்கும் போட்ட காசுதான் என் மேசையில் நான் செய்த மிக நல்ல செலவு.

பலகையே மெல்லியதாக இருந்தால் பட்டையும் காப்பாற்றாது. ஒற்றை 18 மி.மீ. பிளைவுட் இந்த எடைக்கு வில்லைப் போல வளையும். இரண்டு பிளைவுட்டை மரப்பசை தடவி ஒட்டி, இடையில் ஸ்குரூ கொடுத்து 36 மி.மீ. ஆக்குங்கள். பார்ட்டிகிள் போர்டு என்றால் மாற்றிவிடுங்கள், அதில் போல்ட் தலைக்கு அடியில் தூள்தான் மிஞ்சும். எனக்குப் பிடித்தது பழைய மரக்கடையில் கிடைக்கும், இடித்த வீட்டு உத்திரம். பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்கிக்கொள்ளாது. ஆணி ஒளிந்திருக்கும், ரம்பம் போடும் முன் காந்தம் வைத்துத் தேடிவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டை பெரிதாகி போல்ட் லொடலொடவென்று இருந்தால், அதே ஓட்டையில் பெரிய வாஷர் போட்டுச் சமாளிக்க வேண்டாம். ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி, கெட்டி மரத்தில் உருளை செய்து பசை போட்டு அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, புதிதாகத் துளை போடுங்கள்.

இறுக்கமாகத்தான் பூட்டினேன், சில மாதத்தில் தானாகத் தளர்கிறது

இதற்கு இரண்டு காரணம். இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

முதல் காரணம் மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை இழுத்து ஊதும். மேலே வைஸ், கீழே பட்டை, இரண்டுக்கும் நடுவில் ஊத இடமில்லாமல் நார் நசுங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது அந்த நசுங்கல் திரும்பி எழாது. நட் அரைச் சுற்றுகூடத் திரும்பியிருக்காது, ஆனால் அடியில் இடைவெளி வந்திருக்கும். சித்திரையில் நீங்கள் பார்க்கும் ஆட்டம் ஐப்பசியில் தொடங்கியது. புது மேசை என்றால் பூட்டிய ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, பிறகு கோடை தொடங்கும்போது ஒருமுறை இறுக்குங்கள். அடியில் அகலமான பட்டை இருந்தால் நசுங்கல் குறையும், இறுக்கும் வேலையும் குறையும்.

இரண்டாவது காரணம் பக்கவாட்டு உதறல். நட் எப்படித் தானாகக் கழல்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் சோதனை செய்து காட்டினார். மேலும் கீழுமாக இழுப்பதைவிட, பூட்டிய இரண்டு பாகமும் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் நழுவுவதுதான் நட்டை வேகமாகக் கழற்றுகிறது. அரம் போடுவதும் ஹேக்ஸா இழுப்பதும் அப்படிப்பட்ட வேலைதானே. நழுவல் தொடங்கினால் நட் கழலும், நட் கழன்றால் நழுவல் கூடும். ஆக, பாகங்கள் நழுவாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். அதற்குத்தான் பெரிய போல்ட், அகலப் பட்டை.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். மரத்துக்கு மேல் பூட்டும்போது அதனால் பெரிய பலன் இல்லை, கொஞ்சம் இறுக்கியதும் தட்டையாகிவிடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள். இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டிய நைலாக்கில் நைலான் பிடி தளர்ந்துவிடும், அப்போது புதிது மாற்றுங்கள். ரெட்டை நட் போடுவதானால் மெல்லிய நட் முதலில், தடித்த நட் அதற்கு மேல். பலரும் இதை மாற்றிப் போடுகிறார்கள்.

எம் 12-க்கு 19 எண் ஸ்பேனர், சில புதுப் போல்ட்டுக்கு 18. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஸ்பேனர் வேண்டும். நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார் சக்கரம் மாட்டுவது போல.

வைஸ் அசையவில்லை, மேசையே ஆடுகிறது அல்லது நகர்கிறது

கார் ஷெட்டில் இது அதிகம் வரும், காரணம் தரை. தண்ணீர் கேட் பக்கம் ஓடுவதற்காக ஷெட் தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். நாலு காலில் ஒன்று எப்போதும் தரையை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். காலுக்கு அடியில் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இரும்புத் தகடு வெட்டிப் பேக்கிங் கொடுங்கள், அல்லது காலின் அடியில் நட் வெல்டிங் வைத்து, ஏற்றி இறக்கும் போல்ட் கால் போடுங்கள். ரப்பர் துண்டு வேண்டாம், அது ஒரு புது ஸ்பிரிங்.

நாலு காலும் பதிந்த பிறகும் மேசை இடவலமாக ஆடினால் சட்டத்தில் மூலைவிட்டம் இல்லை என்று அர்த்தம். நேர் கால்களும் நேர் குறுக்குச் சட்டங்களும் மட்டும் இருக்கும் சட்டம், கட்டிலைப் போலச் சாயும். எவ்வளவு கனமான ஆங்கிள் போட்டாலும் சாயும். பின்பக்கம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு பட்டையைச் சாய்வாக வெல்டிங் வையுங்கள். பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. மரச் சட்டம் என்றால் பின்பக்கம் முழுக்க ஒரு பிளைவுட்டை ஸ்குரூ போட்டு அடைத்துவிட்டால் அதுவே மூலைவிட்டம். எனக்கு இந்த ஒரு வேலையில் பாதி ஆட்டம் நின்றது. மீதிப் பாதி, முதலில் சொன்ன பலகை, சட்ட இணைப்பு. ஆறு இடத்தில் சின்ன ஸ்குரூ இருந்ததை எடுத்துவிட்டு 8 மி.மீ. போல்ட் போட்டேன். பிளேடு முறிவதும் அன்றோடு நின்றது.

மேசை தூக்கிச் சாய்கிறது அல்லது தரையில் வழுக்கி நகர்கிறது என்றால் எடை போதவில்லை. கீழ்த் தட்டு ஒன்று அமைத்து, காலி சிமெண்ட் பைகளில் எம்-சாண்ட் நிரப்பி வையுங்கள். நிறைந்த பை 50 கிலோவுக்குக் குறையாது, இரண்டு பை போதும். தரையில் ஆங்கர் போல்ட் அடிப்பது இன்னும் உறுதி, ஆனால் டைல்ஸ் தரையில் விரிசல் விடும். சுவரோடு பிணைப்பதானால் பூச்சைத் தாண்டி செங்கலுக்குள் ஆங்கர் போக வேண்டும்.

வைஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு காலுக்கு நடுவில் பூட்டினால் பலகை வளையும். ஒரு காலுக்கு நேர் மேலே, மேசையின் முனையில் பூட்டுங்கள். சுத்தியலடி நேராகக் கால் வழியாகத் தரைக்குப் போய்விடும்.

தட்டினால் 'டொப்' என்கிறது, அல்லது காதில் கோடு தெரிகிறது

நன்றாக உட்கார்ந்த வைஸைச் சின்னச் சுத்தியலால் அடியில் தட்டினால் மேசையே சேர்ந்து கெட்டியாக ஒலிக்கும். எங்காவது இடைவெளி இருந்தால் அந்தக் காதில் மட்டும் சத்தம் மாறி உள்ளீடற்றதாக இருக்கும்.

போல்ட்டை எல்லாம் தளர்த்திவிட்டு, நாலு காதுக்கு அடியிலும் செய்தித்தாள் நாடா ஒவ்வொன்று வைத்து, விரலால் லேசாக மட்டும் இறுக்கி, நாடாவை இழுத்துப் பாருங்கள். மூன்று நாடா பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் உருவிக்கொண்டு வந்தால் அந்தக் காது காற்றில் நிற்கிறது. இதைப் பார்க்காமல் ஸ்பேனரால் கெட்டியாக இறுக்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பெரும்பாலான வைஸ் வார்ப்பிரும்பு. எஃகு மாதிரி வளைந்து கொடுக்காது, உடையும். காற்றில் நிற்கும் காதைப் போல்ட்டால் கீழே இழுத்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு சுத்தியலடியில் போய்விடும். அந்தக் காதுக்கு அடியில் ஜி.ஐ. தகட்டில் பேக்கிங் வெட்டிக் கொடுங்கள். நாலு நாடாவும் பிடிக்கும் வரை பொறுமையாகச் சேருங்கள். சத்தம் குறையட்டும் என்று வைஸுக்கு அடியில் கன்வேயர் பெல்ட் துண்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

காதில் மயிரிழைக் கோடு தெரிந்து, அது பெயிண்ட்டா விரிசலா என்று சந்தேகம் வந்தால் பழைய முறை ஒன்று இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக் கோடாக வரும். கண்ணெதிரே அந்தக் கோடு வளர்வதைப் பார்த்தால் அந்த வைஸில் இனி சுத்தியல் படக் கூடாது.

சாதா வெல்டிங் கடையில் கொடுத்து எம்.எஸ். ராடில் (சாதா எஃகு வெல்டிங் குச்சி) ஒட்ட வேண்டாம், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடும், சூடேற்றி மெல்ல ஆறவிடத் தெரிந்த கையும் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை, வைஸ் அடியின் மேல் இரண்டு பக்கமும் கனமான பட்டையைக் குறுக்கே போட்டு, பட்டையின் முனைகளைப் பலகையில் போல்ட் செய்து அழுத்திப் பிடிக்கலாம். அரம் போடும் வேலைக்கு அது தாங்கும்.

சுழல் அடி தானாகத் திரும்புகிறது

சில வைஸ்களில் திசை திருப்பிக்கொள்ள அடியில் சுழலும் வளையம் இருக்கும். அதன் பூட்டு நட்டை இறுக்கிய பிறகும், கனமாக அரம் போட்டால் வைஸ் மெல்லத் திரும்பும். வைஸைத் தூக்கி அடி வளையத்தைப் பாருங்கள், பெயிண்ட்டும் கிரீஸும் படிந்திருக்கும். பிடிக்க வேண்டிய முகத்தில் எண்ணெய் இருந்தால் எப்படிப் பிடிக்கும்? இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடைத்து, பெயிண்ட்டைச் சுரண்டி, உலர்வாக மாட்டுங்கள். அதிகமாகச் சுத்தியல் வேலை செய்கிறவர்கள் சுழல் அடி இல்லாத வைஸை வாங்குவதே மேல் என்பது என் எண்ணம். ஒரு இணைப்பு கூடினால் ஆடுவதற்கு ஒரு இடம் கூடும்.

நீளக் குழாய் செங்குத்தாக நிற்கவில்லை, கைப்பிடி இடிக்கிறது

வைஸை மேசைக்குள் தள்ளிப் பூட்டியிருக்கிறீர்கள். அசையாத தாடையின் முகம் மேசை விளிம்பைத் தாண்டி ஒரு செ.மீ. வெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் நீளக் குழாய் விளிம்பில் இடிக்காமல் தரை வரை தொங்கும். துளை போடும் முன் கைப்பிடியையும் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சுவரிலோ அலமாரியிலோ விரல் இடித்தால் இப்போதே இடத்தை மாற்றலாம்.

முதுகு வலிக்கிறது, தோள் கடுக்கிறது

வைஸ் பக்கத்தில் நேராக நின்று, கையை மடக்கி முஷ்டியை மோவாய்க்கு அடியில் வையுங்கள். முழங்கை தாடையின் உச்சியைத் தொட்டால் உயரம் சரி. மேசையின் உயரத்தை அளக்கக் கூடாது, தாடையின் உயரத்தைத்தான் அளக்க வேண்டும். முழங்கை 105 செ.மீ., வைஸ் 17 செ.மீ. என்றால் மேசை 88 செ.மீ. இருக்க வேண்டும்.

தாடை உயரமாக இருந்தால் நிற்கும் இடத்தில் ஒரு பலகை மேடை போட்டுக்கொள்ளுங்கள். தாழ்வாக இருந்தால் வைஸுக்கு அடியில் ஒரே கட்டையாகக் கெட்டி மரம் கொடுத்து நீளப் போல்ட் போடுங்கள். நாலைந்து துண்டுப் பலகையை அடுக்கினால் மறுபடி விரல் சோதனைக்கு வேலை வரும்.

இதற்கெல்லாம் வைஸைக் கழற்றித் தூக்க வேண்டியிருக்கும். தூக்கும் முன் தாடையை முழுக்க மூடிவிடுங்கள். பல வைஸ்களில் திருகு எல்லை தாண்டித் திறந்தால் முன் தாடை மொத்தமாக உருவிக்கொண்டு விழும், அது மட்டுமே ஏழெட்டுக் கிலோ இருக்கும். செருப்போடு நிற்காதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.